இதுல உனக்கு எவ்வளவு?

உங்க போன்லயும் அந்த மெசேஜ் இருக்கும். கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க. 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்... வீட்டிலிருந்தே செய்யலாம்... எந்த டிபார்ட்மென்ட்டும் அப்ளை பண்ணலாம்... சர்டிஃபிகேட் உண்டு... ஸ்டைபண்ட் பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்து!' என்று நாலு ஸ்மைலி, ரெண்டு ராக்கெட் படம் போட்டு ஒரு அழைப்பு. கிளாஸ் குரூப்பில் யாரோ ஒரு புண்ணியவான் ஃபார்வர்டு பண்ணியிருப்பார். பிளேஸ்மென்ட் நினைப்பிலேயே பாதி உயிர் போய்க் கிடக்கும் தேர்டு இயர் ஜனம், படிக்காமலேயே ஃபார்மை நிரப்பி அனுப்பியிருக்கும். ரெஸ்யூமேல ஒரு வரி ஏறுதுன்னா சும்மாவா பாஸ்?

சேர்ந்த பிறகுதான் தெரியும், அதன் முழுப் பெயர் 'ஃபண்ட் ரைசிங் இன்டர்ன்ஷிப்'. நம்ம பாஷையில் சொன்னால், வசூல்.

உங்க பேர்ல ஒரு லிங்க் வரும். அதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பணும். தெரிந்தவர்கள் என்றால் யார்? அம்மா, மாமா, அத்தை, ப்ளஸ் டூ டியூஷன் சார், அப்பாவின் ஆபீஸ் நண்பர்... நமக்கு இருபது வயசில் வேற யாரைத் தெரியும்? டாட்டா, பிர்லாவையா தெரியும்? அவர்கள் அந்த லிங்க்கில் பணம் போட்டால், ஏதோ ஒரு ஊரில் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் போகும். பணத்தில் ஒரு பங்கு 'ஸ்டைபண்ட்' என்ற பெயரில் நம் அக்கவுன்ட்டுக்கும் வரும்.

என் ரூம்மேட் போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி இதில் சேர்ந்தாள். அந்த அமைப்பின் பெயர் வேண்டாம், என் கேள்வி அந்த ஒரு அமைப்பைப் பற்றியதில்லை. முப்பது நாள், பத்தாயிரம் ரூபாய் டார்கெட். ஐயாயிரம் தாண்டினால் சர்டிஃபிகேட். வசூலில் நூற்றுக்கு இருபது ரூபாய் அவளுக்கு. முதல் போனே திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு. கையில் நெயில் பாலிஷ் காயாததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அதனால் நானும் கேட்டேன்.

"நூறு குழந்தைங்களுக்கு ஸ்கூல் பேக், நோட்டு எல்லாம் குடுக்கறாங்க சித்தப்பா. உங்களால முடிஞ்சது..."

சித்தப்பா குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி.

"சரி கண்ணு, இதுல உனக்கு எவ்வளவு?"

ரூம் சைலன்ட். "எனக்கா... அது ஸ்டைபண்ட் மாதிரி சித்தப்பா..." என்று இழுத்தாள்.

"எவ்வளவுன்னு சொல்லு கண்ணு. நான் என்ன திட்டவா போறேன்? கமிஷன் இல்லாம நூல் கூட ஊருக்குள்ள வர்றதில்ல. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன்."

"இருபது பர்சென்ட்."

"மீதி எம்பதுல ஆபீஸ் செலவு, வாடகை போக அந்தக் குழந்தைங்களுக்கு எவ்வளவு?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவளைச் சேர்த்துக்கொண்டவர்கள் கொடுத்த ஒன்றரை பக்க 'ஸ்கிரிப்ட்'டில் அந்தக் கேள்வியே இல்லை. சித்தப்பா ஐந்நூறு ரூபாய் அனுப்பினார். "குழந்தைங்களுக்குன்னு நினைக்காத. நீ கேட்டதுக்காக" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இந்தக் கடைசி வார்த்தைதான் விஷயமே. அந்த அமைப்பு நம் உழைப்பைவிட நம் சொந்தக்காரர்களைத்தான் பயன்படுத்துகிறது. சித்தப்பாவுக்கு அந்த அமைப்பு எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. பணம் போனது கண்ணுவுக்காக. பத்தாயிரம் ஸ்டூடண்ட்ஸை இப்படிப் பிடித்தால் பத்தாயிரம் சித்தப்பாக்கள்!

வசூல் நமக்குப் புதுசில்லை. ஸ்கூலில் டிசம்பர் 7 கொடி நாளுக்குச் சின்னச் சின்னக் காகிதக் கொடியை வாங்கிக்கொண்டு போய் வீடு வீடாக நின்றிருக்கிறோம். 1949-லிருந்து நடக்கிற வசூல் அது. முன்னாள் ராணுவ வீரர்கள் குடும்பத்துக்குப் போகும் பணம். அதில் நமக்கு ஒரு பைசா கிடையாது என்பது கொடுப்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மொய் வைத்தால் நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதிவிடுவார்கள். யாருக்குப் போகிறது, எப்போது திரும்பி வரும் என்பது வரைக்கும் தெளிவு. இந்த லிங்க் வசூலில்தான் நடுவில் ஒரு ஆள் நிற்பது வெளியே தெரிவதில்லை. அந்த ஆள் நாம்தான்.

அப்போ எனக்கு வந்த சந்தேகம் இது. தர்மத்துக்கு என்று பணம் கேட்பவர், தனக்கு அதில் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? லைப்ரரியில் உட்கார்ந்து தேடியதில் ஒரு விஷயம் கிடைத்தது. சித்தப்பா கேட்ட அதே கேள்வியை அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கின்றன. அதை வைத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் பெரிய சண்டையும் நடந்திருக்கிறது. அந்தக் கதை கொஞ்சம் நீளம். ஆனா போரடிக்காது, நம்புங்க.

அங்கே சுமார் 40 மாநிலங்களில், ஒரு தர்ம ஸ்தாபனம் பொதுமக்களிடம் கையேந்துவதற்கு முன்பே மாநில அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சில மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ், சில மாநிலங்களில் வேறு துறை. வசூலையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் அங்கே ஏராளம். போன் போட்டு, கதவைத் தட்டி, தர்மத்துக்கு வசூல் பண்ணித் தந்துவிட்டுப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களும் தனியாகப் பதிவு செய்யணும். ஸ்தாபனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டணும். பல மாநிலங்களில் ஜாமீன் பத்திரமும் கொடுக்கணும். நம் ரூம்மேட்கள் அங்கே இருந்திருந்தால் பாதி பேர் ஃபார்ம் நிரப்பியே செமஸ்டரை முடித்திருப்பார்கள்!

இதற்கு மேலேயும் போக ஆசைப்பட்டன சில ஊர்கள். இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பர்க் என்று ஒரு ஊர். வீடு வீடாக வசூல் செய்கிற எந்த அமைப்பும், வசூலில் நூற்றுக்கு 75 பங்கைத் தர்ம காரியத்துக்கே செலவழிக்க வேண்டும், சம்பளமும் ஆபீஸ் செலவும் அதில் சேராது என்று விதி போட்டது. கேட்டதும் 'சரியான விதிதானே?' என்று உங்களுக்கும் தோன்றும். நாம் இன்ஜினீயரிங் ஜாதி. அவுட்புட் பை இன்புட், இன்டு நூறு என்று மெஷின்ஸ் லேபில் எஃபிஷியன்சி போட்டுப் பழகின கை. எழுபத்தைந்து இல்லாத மோட்டாரைத் தூக்கிப் போடு!

ஆனால் அந்த விதியில் மாட்டியது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு. அவர்கள் யாருக்கும் அரிசி கொடுப்பதில்லை, கம்பளி கொடுப்பதில்லை. ஆற்றில் என்ன கலக்கிறது, காற்றில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்து, வீடு வீடாகப் போய் மக்களிடம் பேசுவதுதான் அவர்கள் வேலை. பேசுகிற ஆளுக்குச் சம்பளம். அந்தச் சம்பளம்தான் செலவு, அதுவேதான் சேவையும். இதில் இன்புட் எது, அவுட்புட் எது? 1980-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. பணம் கேட்பதும் ஒரு கருத்தைச் சொல்வதும் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் வெட்டுப்படும் என்பது கோர்ட் சொன்னதன் சாரம். அங்கே பேச்சுரிமைக்கு அரசியல் சட்டத்தில் முதல் திருத்தத்திலேயே இடம் இருக்கிறது. அதைத் தொட்டால் கோர்ட் சும்மா விடாது.

மேரிலாண்ட் மாநிலம் வேறு வழியில் வந்தது. வசூல் செலவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டாமல் நிதி திரட்டவே முடியாது என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. 1984-ல் அதுவும் ரத்து.

அப்புறம்தான் வட கரோலினா. இது நம்ம சித்தப்பாவின் மாநிலம் என்றே சொல்லலாம். அவர்கள் சட்டத்தில் ரெண்டு பகுதி. முதலாவது, வசூல் கம்பெனி எடுக்கும் பங்கு 20 சதவீதத்துக்குள் இருந்தால் நியாயம், 35-ஐத் தாண்டினால் அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம், இல்லை என்றால் அவர்களே நிரூபிக்கட்டும் என்றது. ரெண்டாவதுதான் முக்கியம். தொழிலாக வசூல் செய்பவர் பணம் கேட்பதற்கு முன்பே, கடந்த 12 மாதத்தில் தான் வசூலித்ததில் எத்தனை சதவீதம் தர்ம ஸ்தாபனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கொடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். 'இதுல உனக்கு எவ்வளவு' என்று யாரும் கேட்கவே வேண்டாம், அவரே சொல்லிவிடுவார்!

பார்வையற்றோர் அமைப்பு ஒன்று வழக்கு போட்டது. 1988-ல் தீர்ப்பு. ரெண்டு பகுதியும் ரத்து.

எனக்கு இந்த இடத்தில் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லச் சொன்னால் அது எப்படிப் பேச்சுரிமைக்கு விரோதம்? தீர்ப்பில் கோர்ட் சொல்லும் காரணத்தைப் படித்தால் பாதி ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன அமைப்பு, யாருக்கும் பெயர் தெரியாது, அல்லது ஊருக்கே பிடிக்காத ஒரு விஷயத்துக்காகப் பாடுபடுகிறது. அவர்களுக்கு நூறு கதவைத் தட்டினால் நாலு கதவுதான் திறக்கும். வசூல் செலவு தாறுமாறாகத்தான் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கோ, பெயர் பெற்ற அமைப்புக்கோ அந்தக் கஷ்டம் இல்லை. போனை எடுத்தவுடன் 'வணக்கம், நீங்கள் தரும் நூறில் நாற்பதுதான் போய்ச் சேரும்' என்று ஆரம்பித்தால், ஏன் நாற்பது என்ற விளக்கத்தைக் கேட்க யார் லைனில் இருப்பார்கள்? டொக். அவ்வளவுதான்.

அதே தீர்ப்பு ரெண்டு கதவைத் திறந்தும் வைத்தது. வசூல் கம்பெனிகள் தரும் கணக்கை மாநில அரசே மக்களுக்குத் தெரியும்படி வெளியிடலாம். பொய் சொல்லி வாங்கினால் மோசடி வழக்கு போடலாம். 'நான் சம்பளத்துக்கு வசூல் பண்ற ஆள்' என்பதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தினால் அதில் தப்பில்லை என்றும் ஒரு அடிக்குறிப்பில் இருக்கிறது. நான் அந்த அடிக்குறிப்பு கட்சி. பர்சென்டேஜ் சிக்கலான விஷயம், ஒத்துக்கறேன். ஆனால் 'எனக்கும் இதில் காசு உண்டு' என்ற நாலு வார்த்தையில் என்ன சிக்கல்?

பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2003-ல் பதில் வந்தது. மறுபடியும் இல்லினாய் மாநிலம்தான். வியட்நாம் போரில் இருந்து வந்த வீரர்களுக்கு உதவி என்று ஒரு டெலிமார்க்கெட்டிங் கூட்டம் போனில் வசூல். ஒப்பந்தப்படி நூற்றுக்கு 85 கம்பெனிக்கு, 15 வீரர்களின் அமைப்புக்கு! எழுத்துப் பிழை இல்லைங்க, 85-தான். 1987-லிருந்து 1995 வரை சுமார் 71 லட்சம் டாலர் திரட்டியதில் கம்பெனி எடுத்துக்கொண்டது 60 லட்சம் டாலருக்கும் மேல். அதைக்கூட ஒப்பந்தம் என்று விட்டுவிடலாம். ஆனால் கொடுத்தவர்களில் ஒருவர் 'எவ்வளவு போய்ச் சேரும்' என்று கேட்டபோது, '90 சதவீதமோ அதற்கு மேலோ வீரர்களுக்குத்தான்' என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது புகார்.

மாநில அட்டர்னி ஜெனரல் வழக்கு போட்டார். கீழே உள்ள கோர்ட்டுகள், பழைய மூன்று தீர்ப்பையும் காட்டி, வழக்கே செல்லாது என்றன. சுப்ரீம் கோர்ட் ஒரு குரலாக, இல்லை, செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அதிகமாகப் பங்கு எடுப்பது மட்டுமே மோசடி ஆகாது, ஆனால் பணம் எங்கே போகிறது என்பதில் வேண்டுமென்றே பொய் சொல்லி வாங்கினால் பேச்சுரிமை அங்கே காப்பாற்றாது.

கவனிச்சீங்களா? இந்த வழக்கே, யாரோ ஒருத்தர் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் இவ்வளவு பலமாக நின்றது. கேட்கவில்லை என்றால் பொய்யும் வந்திருக்காது. பொய் இல்லையென்றால் 85 என்ற எண்ணை மட்டும் வைத்து சட்டம் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்லியாகணும், ஏன்னா அதில் காலேஜ் வருகிறது. 2015-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் 50 மாநிலங்களும் தலைநகரான வாஷிங்டன் டி.சி.யும் சேர்ந்து, கேன்சர் நோயாளிகள் பெயரில் வசூல் செய்த நான்கு அமைப்புகள் மீது வழக்கு போட்டன. ஒரு குடும்பமும் அதன் சுற்றமும் நடத்திய கடைகள். 2008 முதல் 2012 வரை அவை மக்களிடம் வாங்கியது 18 கோடியே 70 லட்சம் டாலர். வசூல் கம்பெனிகள் பல நேரம் நூற்றுக்கு 85-ஓ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டன. மீதியில் என்னென்ன செலவு என்று அரசு தந்த பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். கார், கப்பல் சுற்றுலா, ஜிம் மெம்பர்ஷிப், கச்சேரி டிக்கெட், டேட்டிங் வெப்சைட் சந்தா... அப்புறம் காலேஜ் ஃபீஸ்! யாரோ ஒரு கிழவி கீமோதெரபி வார்டை நினைத்து அனுப்பிய இருபது டாலரில் யாரோ ஒருத்தர் செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருக்கிறார். பதிவு, கணக்கு, படிவம் எல்லாம் இருக்கிற நாட்டிலேயே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

பிரிட்டன் மட்டும் இதில் வேறு ரூட். அங்கே 1992-ஆம் வருஷத்து சாரிட்டீஸ் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, தொழில்முறையாக வசூல் செய்பவர் தனக்குக் கிடைக்கும் தொகையைப் பற்றிக் கேட்கும்போதே சொல்ல வேண்டும் என்கிறது. தெருவில் மறித்து நிற்கும் வசூல் ஆட்களுக்கு ஜனங்கள் 'சக்கர்' என்று பட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாரிட்டியையும் வழிப்பறிக்காரனுக்கான ஆங்கில வார்த்தையையும் ஒட்டிச் செய்த பெயர். லண்டன்காரனுக்கும் குசும்பு குறைவில்லை.

சரி, நம்ம ஊர்?

அரசியல் சட்டத்தில் தர்ம ஸ்தாபனங்கள் பொதுப் பட்டியலில், 28-ஆவது இனமாக இருக்கின்றன. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். மகாராஷ்டிரா போட்டிருக்கிறது. 1950-லிருந்து அங்கே பொது அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம், சாரிட்டி கமிஷனர் என்று ஒரு அதிகாரி. மும்பையில் கணபதி பண்டிகைக்கு நன்கொடை வசூலிக்கும் மண்டல்கள் அந்த ஆபீஸில் 41-சி பிரிவின்படி அனுமதி வாங்கிவிட்டுத்தான் ரசீது புக்கைத் தூக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சாரிட்டி கமிஷனர் என்று ஒருத்தர் கிடையாது. கோயில்களுக்கு 1959-ஆம் வருஷத்து அறநிலையத் துறை சட்டம் இருக்கிறது. சங்கமாகத் தொடங்கினால் 1975-ஆம் வருஷத்து சங்கங்கள் பதிவுச் சட்டம். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் ஆபீஸில் பத்திரம் பதிந்தால் முடிந்தது, நிலம் பதிகிற அதே கவுன்ட்டர்தான். அந்தப் பதிவு எண்ணை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டு 'அரசு பதிவு பெற்றது' என்று எழுதும்போது, ஏதோ அரசாங்கமே சர்டிஃபிகேட் கொடுத்த மாதிரி இருக்கும். பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

'80ஜி இருக்கு சார்' என்பது அடுத்த அஸ்திரம். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண் அது. (அதன் இடத்துக்கு 2025-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 அமல் தேதி என்று வைத்தார்கள். எண் மாறினாலும் ஜனங்க வாயில் 80ஜி-தான்.) கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு என்பதுதான் அதன் பொருள். வசூல் செய்பவருக்கு எவ்வளவு கமிஷன் என்பதைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. இன்னொரு வேடிக்கை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புது வரி முறையில் இருக்கும் ஐ.டி. கம்பெனி அண்ணனுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. ஆனாலும் ஸ்கிரிப்ட்டில் முதல் வரியே '80ஜி'!

வெளிநாட்டுப் பணம் என்றால் மட்டும் நம் அரசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற சட்டம் 1976-லிருந்தே இருக்கிறது, 2010-ல் புதுசாக எழுதினார்கள். 2020 திருத்தத்தில், வந்த பணத்தில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 20 என்று ஆக்கிவிட்டார்கள். பணம் முதலில் வந்து இறங்குவதே டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான். அமெரிக்க கோர்ட் கூடாது என்று தள்ளிய பர்சென்டேஜ் கணக்கு, இங்கே சட்டமாகவே நிற்கிறது. ஆனால் டாலருக்கு மட்டும். திருப்பூர் சித்தப்பாவின் ஐந்நூறு ரூபாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று சொல்லவும், கேட்கிற பெண்ணுக்கு எவ்வளவு என்று சொல்லவும் இங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை.

ஏமாற்றினால் வழக்கு உண்டு, மறுக்கவில்லை. பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. (வடிவேலு காமெடியை எல்லாம் திருத்தி எழுதணும்!) பொது டிரஸ்ட் என்றால், அதில் சம்பந்தம் உள்ள ரெண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதியோடு சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் கணக்கு கேட்கலாம். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு யார் வக்கீல் வைப்பார்கள்? எல்லாரிடமும் ஐந்நூறு ஐந்நூறாக வாங்குவதில் இருக்கிற சௌகரியமே அதுதானே.

எல்லா அமைப்பும் ஃப்ராடு என்று சொல்ல வரவில்லை. தயவு செஞ்சு அப்படிப் படிக்காதீங்க. கமிஷனும் பாவமில்லை. வெயிலில் நிற்பவனுக்கும் வயிறு இருக்கிறது. மறைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதுவும் சொந்த அத்தையிடம் மறைக்கிற வேலையை நம்மிடம் கொடுத்துவிட்டு, அதற்கு 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று சர்டிஃபிகேட்டில் எழுதித் தருவது.

என் ரூம்மேட் அந்த ஐந்நூறோடு இன்னும் மூன்று பேரிடம் வாங்கினாள். ஒவ்வொருவருக்கும் அனுப்பிய மெசேஜில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'இதுல இருபது பர்சென்ட் எனக்கு ஸ்டைபண்டா வரும்.' ஒரு அத்தை 'சரிடி, காபி குடி' என்று எழுதி ஆயிரம் போட்டார். ஒரு மாமா புளூ டிக்கோடு நின்றுவிட்டார். டார்கெட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை, சர்டிஃபிகேட் வரவில்லை. அவளுடைய கோ-ஆர்டினேட்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, 'அதையெல்லாம் போட வேண்டியதில்லையே டியர்' என்று மட்டும் ரிப்ளை அனுப்பினார். போடக் கூடாது என்று சொல்லவில்லை. கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக, போன சனிக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெண்டு மணி நேரம் சுத்தினேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு நின்ற மூன்று பேரிடம் அதே கேள்வி. முதல் ஆள், "மாசச் சம்பளம்தாங்க, கமிஷன் கிடையாது. வேணும்னா ஆபீஸ்ல கேளுங்க" என்று நம்பர் கொடுத்தார். ரெண்டாவது அக்கா, நான் பத்திரிகை என்றதும் அவசரமாக வேறு பக்கம் போய்விட்டார்.

மூணாவது ஒரு தம்பி. பி.காம். ஃபர்ஸ்ட் இயர், சனி ஞாயிறு மட்டும் வருகிறானாம். மாசா மாசம் பணம் பிடிக்கச் சம்மதித்து ஒருத்தர் சேர்ந்தால் அவனுக்கு இவ்வளவு என்று கணக்கு.

"இதை வர்றவங்ககிட்ட சொல்லுவியா?"

"யாரும் கேட்டதில்லக்கா. நாலு மாசமா நிக்கிறேன், நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"கேட்டா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

கொஞ்சம் யோசித்தான். "அப்படியும் சொல்லலக்கா. கேட்டா என்ன சொல்லணும்னே யாரும் சொல்லித் தரல" என்றவன், அங்கேயே டீம் லீடருக்கு போன் போட்டுவிட்டான். ரெண்டு நிமிஷம் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டு திங்கக்கிழமை சொல்றாராம்க்கா."

என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுதுவது புதன்கிழமை ராத்திரி. இன்னும் போன் வரவில்லை.